ஹாஸ்டல் அறையில் ஒரு கணினி: கடைக்கார அக்கா பதில்கள்

கோவை பீளமேட்டில் 2006 முதல் கணினி சர்வீஸ் கடை நடத்திவருகிறேன். சுற்றிலும் கல்லூரிகள். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஹாஸ்டல் பிள்ளைகள்தான். புதிய கல்வி ஆண்டு தொடங்குவதால், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹாஸ்டலுக்குக் கணினி கொண்டுபோவது பற்றியே கேட்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் மகளுக்குக் கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் சேர்க்கிறோம். மெக்கானிக்கலுக்குக் கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறார் கடைக்காரர். அதே பணத்துக்கு டெஸ்க்டாப் வாங்கினால் வேகம் அதிகம் என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். நகையை அடகு வைத்துத்தான் வாங்க வேண்டும். எது சரி?
— ஒரு தந்தை, அருப்புக்கோட்டை

அண்ணா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நகையை இன்றைக்கே அடகு வைக்காதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் முதல் செமஸ்டர் என்பது கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், கொஞ்சம் பைத்தான் என்கிற புரோகிராமிங் மொழி. அந்தப் பைத்தான் எந்தச் சாதாரணக் கணினியிலும் ஓடும். கல்லூரி லேபிலேயே செய்து முடித்துவிடலாம். மெக்கானிக்கல் பிள்ளைகளுக்குக் கணினியில் வரைகிற வேலை பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் ஆரம்பிக்கும். மகள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் இருக்கட்டும். சீனியர் அக்காக்கள் எதை வைத்திருக்கிறார்கள், வகுப்பில் எந்த மென்பொருள் சொல்லித்தருகிறார்கள், அறையில் மேசை இருக்கிறதா, பிளக் பாயின்ட் கட்டிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு அவளே சொல்வாள். அந்த ஒரு மாதத்தில் எதுவும் கெட்டுப்போகாது.

டெஸ்க்டாப் பற்றிப் பக்கத்து வீட்டுத் தம்பி சொல்வது பொய்யில்லை. ஒரே விலைக்கு டெஸ்க்டாப் வேகமானது, ரிப்பேர் செலவும் குறைவு. ஆனால் ஹாஸ்டலுக்கு அது ஒத்துவராது. நான் கடை திறந்த புதிதில் பையன்கள் டெஸ்க்டாப்தான் கொண்டுவருவார்கள். தாராபுரத்திலிருந்து ஒருவர், மகனுடைய பழைய 17 அங்குல டியூப் மானிட்டரைப் பவானி ஜமுக்காளத்தில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பதினைந்து கிலோ இருக்கும். ஸ்டாப்பிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்து, "உடைஞ்சிருக்கான்னு மட்டும் பாருங்கம்மா" என்றார். உடையவில்லை. ஆனால் அந்தப் பையன் நான்கு வருடத்தில் நான்கு அறை மாறினான். ஒவ்வொரு ஜூனிலும் அந்த மானிட்டர் மாடி ஏறி இறங்கியது. இன்றைக்கு மானிட்டர்கள் தட்டையாகிவிட்டன, அறை மாறுவது மாறவில்லை. லீவுக்கு வீட்டுக்கு வரும்போது டெஸ்க்டாப்பை அங்கேயே விட்டுவரவும் மனசு வராது.

கேமிங் லேப்டாப்பும் உங்கள் மகளுக்கு வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். லேப்டாப்பே இரண்டரைக் கிலோ வரும், அதோடு செங்கல் மாதிரி ஒரு அடாப்டர். தினமும் வகுப்புக்குத் தூக்கிப்போக வேண்டும். பேட்டரியும் ஒரு காலை வகுப்பு முடிவதற்குள் இறங்கிவிடும். இரவில் அதன் ஃபேன் சத்தத்தில் அறைத்தோழி தூங்க மாட்டாள். கல்லூரியில் போடும் மெஷின் பாகங்களின் வரைபடங்களுக்கு 16 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பாகம்), நடுத்தரமான ஒரு பிராசஸர் போதும். வாங்கும்போது கடைக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, "ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா, போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்களா?" என்பது. பற்றவைத்த மாடலில் இன்றைக்கு 8 ஜிபி என்றால் நான்காம் ஆண்டிலும் அதே 8 ஜிபிதான். தனி ஸ்லாட் இருந்தால், இப்போது 8 வாங்கி, இரண்டாம் ஆண்டில் கையில் காசு வரும்போது கூட்டிக்கொள்ளலாம்.

512 என்று வாங்கிவந்ததைத் திரையில் 476 என்று காட்டினால் பயப்படாதீர்கள். கம்பெனி 1000, 1000 ஆக எண்ணுகிறது, விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். யாரும் ஏமாற்றவில்லை.

ஹாஸ்டலில் சார்ஜ் போட்டபடி லேப்டாப்பைத் தொட்டால் மணிக்கட்டில் சுருக் சுருக்கென்று இழுக்கிறது. வீட்டில் அப்படி இல்லை. லேப்டாப்பில் கோளாறா? மாற்றிக் கேட்கலாமா?
— முதலாண்டு மாணவர், தருமபுரி

தம்பி, உங்கள் லேப்டாப் அநேகமாக நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு சுவரில். இந்தக் கேள்வியை வருடா வருடம் கேட்கிறேன். இதை யாரும் சரியாகக் காதில் வாங்குவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

உங்கள் அடாப்டருக்குள்ளே, 230 வோல்ட் வருகிற பக்கத்துக்கும் லேப்டாப்புக்குப் போகிற பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். மின்சார இரைச்சலைக் குறைப்பதற்காக வைத்தது. அதன் வழியாக மிகக் கொஞ்சம் மின்சாரம், ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாக, கசிந்துகொண்டே இருக்கும். மூன்று பின் பிளக்கில் மேலே தடிமனாக இருக்கிறதே, அது எர்த். கசிகிற மின்சாரம் அந்த வழியாகப் பூமிக்குப் போய்விடும். சுவரில் எர்த் வயர் இல்லையென்றால், போக வழியில்லாமல் லேப்டாப்பின் உலோக உடம்பில் நிற்கும். வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து நீங்கள் அதைத் தொடும்போது உங்கள் உடம்பே எர்த் வயர் ஆகிவிடுகிறது. அதுதான் அந்தச் சுருக்.

இரண்டு பின் அடாப்டர் என்றால், எர்த் சரியாக இருந்தாலும் லேசாக அப்படித்தான் இருக்கும், பயமில்லை. உங்களுடையது மூன்று பின்னா என்று முதலில் பாருங்கள். மூன்று பின் என்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள். சுருக் நின்றுவிட்டதா? வேறு பிளாக்கில், மெஸ் பக்கத்தில், வகுப்பறையில் போட்டுப் பாருங்கள். அங்கே இழுக்கவில்லையென்றால் உங்கள் அறைப் பாயின்ட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம்.

ஒருமுறை ஒரே ஹாஸ்டலின் ஒரே மாடியிலிருந்து மூன்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் இதே புகாரோடு வந்தார்கள். எந்த ஹாஸ்டல் என்பது இங்கே முக்கியமில்லை. நானே எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போனேன். சுவிட்ச் போர்டைக் கழற்றினால், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. பித்தளை முனை புதுக்கருக்கு மாறாமல் பளபளவென்று இருந்தது. கட்டிடம் கட்டிய நாளிலிருந்து அந்த முனையில் எதுவும் மாட்டப்படவில்லை. லேப்டாப்பில் அது வெறும் சுருக். அதே பாயின்ட்டில் உள்ளே பழுதான ஒரு அயர்ன் பாக்ஸை மாட்டினால், கை வைக்கிற பிள்ளையின் நிலை என்ன? அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது.

அதனால், தம்பி, வார்டனிடம் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். "அறை எண் இன்னது, பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்று சந்தேகிக்கிறோம், எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்" என்று நான்கு வரி எழுதி, அறையில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஃபேஸுக்கும் (கரண்ட் வருகிற ஓட்டை) எர்த்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட 230 வோல்ட் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் எர்த் இல்லை. எலெக்ட்ரீஷியனுக்கு இரண்டு நிமிட வேலை. நீங்கள் டெஸ்டரை எடுத்துக்கொண்டு உள்ளே நோண்ட வேண்டாம். சரியாகும் வரை, சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பைத் தொடாமல் தள்ளி வையுங்கள்.

பிளக் நுழையவில்லை என்று மேல் பின்னை உடைத்துவிட்டு மாட்டுகிற பழக்கம் பல ஹாஸ்டல்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மகன் அறையில் நான்கு பேர் லேப்டாப் வைத்திருக்கிறார்கள், வார்டன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காபி போட வைத்திருந்த சின்ன கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டாராம். லேப்டாப்புக்குக் கரண்ட் ஆகாதா?
— ஒரு தாய், மன்னார்குடி

கணக்குப் போட்டுப் பார்த்தால் வார்டன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது, அம்மா. அறையில் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் சாக்கெட். ஆறை 230 ஆல் பெருக்கினால் 1380 வாட், அதுதான் அதன் எல்லை. சாதாரண லேப்டாப் அடாப்டர் 65 வாட். நான்கு பேர் சேர்ந்து போட்டாலும் 260. கெட்டில் ஒன்றே 1500 வாட் இழுக்கும். வாளியில் போடுகிற ஹீட்டர் ராடும் அதே கதைதான். அதை ஒரு மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் வயர் சூடாகி உருக ஆரம்பிக்கும். கருகிய பாக்ஸ்களைப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து "சரி பண்ண முடியுமா அக்கா" என்று கேட்பார்கள். வாங்கி வைத்துக்கொள்வேன், திருப்பித் தர மாட்டேன்.

மகனுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் தனி சுவிட்சும் உள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கிக்கொடுங்கள். பாக்ஸில் இன்னொரு பாக்ஸை மாட்டக் கூடாது. இடி மின்னல் வரும்போது சார்ஜரை மட்டுமல்ல, சுவரிலிருந்து வருகிற இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் இரவு 9 மணிக்கு லேப்டாப்பை வார்டன் அறையில் ஒப்படைக்க வேண்டும். பக்கத்து பாய்ஸ் ஹாஸ்டலில் இந்த விதி கிடையாது. புராஜெக்ட் வேலையை எப்போது செய்வது? எதிர்த்துக் கேட்டால் பிரச்சினை ஆகுமா?
— பெயர் வேண்டாம், ஈரோடு

கண்ணு, நீ கேட்பது நியாயமான கேள்வி. பையன்கள் இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து முடிக்கிற புராஜெக்டை நீ ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது பாதுகாப்பு இல்லை. உன் மதிப்பெண்ணைத்தான் அது குறைக்கிறது.

கேரளத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்தது. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில், மாலை 6 முதல் இரவு 10 வரை செல்போன் பயன்படுத்தக் கூடாது என்று விதி. படிப்பதற்கே அது வேண்டும் என்று சொல்லி ஒரு மாணவி ஒப்புக்கொள்ளவில்லை. விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர் உயர் நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்புச் சொன்னார்: இன்டர்நெட் பயன்படுத்தும் உரிமை, கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது. அந்த மாணவியைத் திரும்ப விடுதியில் சேர்த்துக்கொள்ளவும் உத்தரவிட்டார். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்பதால் நம் ஊர் ஹாஸ்டலை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் பேசும்போது எடுத்துச் சொல்லலாம்.

நீதிமன்றம் வரை போகச் சொல்லவில்லை. தனியாகப் போகாதே. உன் மாடியில் புராஜெக்ட் இருக்கிற எல்லோருமாகச் சேர்ந்து, துறைத் தலைவரிடம் முதலில் போங்கள். எந்தப் பாடத்துக்கு, எந்தத் தேதி வரைக்கும், எத்தனை மணி வரை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அவர் கையெழுத்தோடு வார்டனிடம் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். வார்டனுக்கும் ஒரு வழி காட்டுங்கள். ஸ்டடி ஹாலை இரவு 12 வரை திறந்து வைக்கலாம், அறையில் பத்தரைக்கு மேல் விளக்கு அணைக்கலாம், ஹெட்போன் இல்லாமல் எதுவும் கேட்கக் கூடாது. தூங்குகிற தோழியின் முகத்தில் திரை வெளிச்சம் விழுவதால் வருகிற சண்டை நிஜமான சண்டை. அதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் மறுக்க அவர்களிடம் காரணம் குறையும்.

லேப்டாப்பில் டீ கொட்டிவிட்டது. துடைத்துவிட்டு ஆன் செய்தேன், ஓடியது. இரண்டு நாள் கழித்துச் செத்துவிட்டது. அரிசியில் போட்டு வைத்திருக்கிறேன். பிழைக்குமா?
— மூன்றாமாண்டு மாணவர், காரைக்குடி

அரிசியிலிருந்து உடனே எடுங்கள். உள்ளே போன டீயை அரிசி உறிஞ்சி எடுக்காது, அதன் மாவுதான் ஓட்டைகளில் போய் அடைக்கும்.

போன மாதம் இதே போல ஒன்றைத் திறந்தேன். கீபோர்டுக்கு அடியில் டீ காய்ந்து வெல்லப்பாகு மாதிரி ஒட்டியிருந்தது. அதைத் தேடி எறும்பு வரிசையாகப் போய், போர்டின் மேலேயே செத்துக் கிடந்தது. சர்க்கரைக்கு நடுவே செம்பு பச்சை பிடித்திருந்தது. தண்ணீர் கொட்டினால் காய்ந்து போகும். டீயில் இருக்கிற பாலும் சர்க்கரையும் போகாது, கரண்ட் பட்டதும் இணைப்புகளை அரிக்க ஆரம்பிக்கும். இரண்டு நாள் ஓடியதே, அந்த இரண்டு நாளில்தான் கெட்டது.

போர்டைக் கழுவத் தெரிந்த கடையாகப் பார்த்துக் கொடுங்கள். எடுத்த எடுப்பில் "போர்டு மாத்தணும்" என்று சொன்னால் இன்னொரு கடையிலும் காட்டுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டுச் சுத்தம் செய்து பல போர்டுகளை நான் பிழைக்க வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் அல்ல. எஸ்எஸ்டி தனியாக இருக்கிற மாடல் என்றால் உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும், கவலைப்படாதீர்கள்.

இனி யாருக்காவது கொட்டினால்: சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, திறந்தபடியே கூடாரம் மாதிரி கவிழ்த்து வைத்து, அப்படியே கடைக்கு. ஆன் ஆகிறதா என்று பார்க்க ஒருமுறைகூட அழுத்தக் கூடாது.

காலையில் திறந்தால் நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்த எண்ணும் வைக்கவில்லையே!
— மாணவி, நாகர்கோவில்

புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் உள்ளே இருப்பதைத் தானாகவே பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. திருடன் கையில் போனாலும் ஃபைல்களைப் பார்க்க முடியாது. அந்தப் பூட்டின் சாவிதான் 48 இலக்க எண். முதன்முதலில் லேப்டாப்பை ஆன் செய்தபோது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்களோ, அங்கே அது இருக்கும். வேறு போனில் அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள்.

சிக்கல் என்னவென்றால், பல கடைகளில் விற்கிற பையனே அவசரத்தில் ஏதோ ஒரு மெயிலைப் போட்டு ஆன் செய்து கொடுத்துவிடுகிறான். சாவி அவனிடம் போய்விடும். பில்லில் இருக்கிற எண்ணுக்குப் போன் செய்து எந்த மெயில் போட்டார்கள் என்று கேளுங்கள். எண் கிடைக்காவிட்டால் எந்தச் சர்வீஸ் கடையாலும் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது, ஃபார்மேட் செய்யத்தான் வேண்டும். எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். புதிதாக வாங்குகிறவர்கள் முதல் நாளே உங்கள் சொந்த மெயிலில் ஆன் செய்து, அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

ஹாஸ்டலில் லேப்டாப் திருடு போனால் போன் மாதிரி பிளாக் செய்ய முடியுமா?
— வாசகர், ஆம்பூர்

முடியாது. போனுக்கு ஐஎம்இஐ எண் இருப்பதால் மத்திய அரசின் இணையதளத்தில் பதிந்து முடக்கலாம். சாதாரண லேப்டாப்புக்கு அந்த எண் கிடையாது. அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை இன்றே படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பி வையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்க அந்த எண்ணும் பில்லும் வேண்டும்.

டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பியிருக்கிறது, அழுத்தினால் கிளிக் ஆகவில்லை. மெத்தை மேல் வைத்துத்தான் பயன்படுத்துகிறேன். அதனாலா?
— மாணவர், சிதம்பரம்

இதைப் படித்ததும் லேப்டாப்பை அணைத்துவிடுங்கள் தம்பி. சார்ஜ் போடாதீர்கள். அடியில் இருக்கும் பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தியோ குத்தியோ சமன் செய்யப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். நாளைக்கே கடையில் கொடுத்துப் பேட்டரியை எடுக்கச் சொல்லுங்கள்.

மெத்தையில் வைத்தால் அடியில் காற்று போகிற வழி அடைபடும், பஞ்சு உள்ளே போய் ஃபேனில் சுற்றிக்கொள்ளும். சூடு ஏறினால் பேட்டரியின் ஆயுள் குறையும். கூலிங் பேட் எல்லாம் வாங்க வேண்டாம். பரீட்சை அட்டை இருக்கிறதல்லவா, அதை அடியில் வையுங்கள். புதிய பேட்டரி போட்ட பிறகு, எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்றால் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி செட்டிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பி.ஏ. தமிழ் சேர்கிறேன். அரசு விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது. அண்ணனுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் சும்மா கிடக்கிறது. திறக்க பத்து நிமிடம் ஆகிறது. புதிது வாங்க வசதி இல்லை. இது உதவுமா?
— மாணவி, அரியலூர்

நன்றாக உதவும், பாப்பா. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. அந்த லேப்டாப்கள் இன்றும் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு என் கடைக்கு வருகின்றன. பத்து நிமிடம் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள், ரேமை 8 ஜிபி ஆக்க முடிந்தால் ஆக்குங்கள். புது லேப்டாப் விலையில் சின்னப் பங்குதான் செலவாகும். திறப்பதில் வித்தியாசம் உனக்கே தெரியும்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய பிராசஸரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடச் சொல்லுங்கள், காசு கிடையாது. உன் அண்ணன் லேப்டாப்பில் ஏற்கெனவே பாஸ் என்ற இந்திய லினக்ஸ் இருந்திருக்கும், யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். கட்டுரை எழுத லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. உயிர் எல்லாம் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். பதினைந்து நாள் தினமும் அரை மணி நேரம் பழகினால் கை தானாகப் போகும். தமிழ் படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய பலம், இப்போதே பழகிவிடு.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வா. அதில் அண்ணனுடைய பள்ளிக்கூடப் படங்கள் இருக்கும்.